மிலோ ஏன் கீறியது?

குழு: சுங்கை சிப்புட் குடும்பம்

விமலா, காலை 9.12
ராணி அக்கா, யாழினியை நம் பூனை மிலோ கடித்துவிட்டது. வாசல் முன் ஐந்தடி நடைபாதையில் மல்லாந்து படுத்திருந்தது, இவள் வயிற்றைத் தடவினாள். முன்னங்கால் இரண்டாலும் கையைக் கட்டிப் பிடித்து, பின்னங்காலால் உதைத்துக் கீறிவிட்டது. இவர் கோபத்தில் பூனையைச் செம்பனைத் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்கிறார்.

ராணி, 9.14
முதலில் கையைப் பார். சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவு. மஞ்சள் எல்லாம் வைக்காதே. பல் இறங்கியிருக்கிறதா?

விமலா, 9.31
கழுவிவிட்டேன். கட்டைவிரல் பக்கம் சின்னதாக இரண்டு புள்ளி.

ராணி, 9.32
அப்படியென்றால் இன்றைக்கே கிளினிக் போ. பூனைப் பல் ஊசி மாதிரி. மேலே புள்ளிதான் தெரியும், கிருமி உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும்.

சேகர், 9.40
நாய் வயிற்றைக் காட்டினால் தடவலாமே, பூனைக்கு மட்டும் ஏன் இப்படி?

விமலா, 11.48
கிளினிக் போய் வந்துவிட்டோம், மருந்து கொடுத்திருக்கிறார்கள். பெரியம்மா, நான் யாழினி. அம்மா போனில் எழுதுகிறேன். மிலோதானே வயிற்றைக் காட்டியது? எனக்குப் பாவமாக இருக்கிறது, அதை விட வேண்டாம்.

ராணி, 11.55
விட மாட்டோம்டா கண்ணு. மிலோ வயிற்றைக் காட்டியது, நீ பக்கத்தில் இருந்தால் பயமில்லை என்பதால்தான். தொடச் சொல்லிக் காட்டவில்லை. அங்கே மூடிக் காக்க விலா எலும்பு கிடையாது, தோலுக்கு அடியிலேயே குடல். கை பட்டதும் யோசிக்காமலே நான்கு காலும் வேலை செய்துவிடும். சண்டையில் மாட்டிய பூனையும் மல்லாந்துதான் உதைக்கும். சேகர், நாய் பெரும்பாலும் தடவச் சொல்லித்தான் புரளும். இது அப்படியில்லை.

சேகர், 11.58
ஆனால் நம் தோட்டத்து லயத்து வீட்டுப் பூனை கறுப்பி?

ராணி, 12.03
கறுப்பி அம்மாவுக்கு மட்டும்தான் வயிற்றைக் கொடுக்கும். அம்மா ரப்பர் மரத்தில் பால் சீவிவிட்டு வந்து, ஒட்டுப்பால் வாசனை போகாத கையோடு படியில் உட்காருவார். அது மடியில் ஏறிப் புரளும். அவர் ஒரு விரலால் இரண்டு தடவை வருடிவிட்டு நிறுத்திவிடுவார். நான் தொட்டால் அடுத்த நிமிடம் பல். சில பூனைக்குப் பிடிக்கும், அதுவும் சில ஆளிடம்தான்.

விமலா, 12.10
கடிக்கப் போகிறது என்று முன்னாலேயே தெரியாதா அக்கா?

ராணி, 12.16
தெரியும். வாலை வேகமாக ஆட்டும். ஆனால் மிலோவுக்கு விரல் நீளத்தில் முடிச்சு விழுந்த வால். நம் மலேசியாவில் நிறையப் பூனைகளுக்குப் பிறவியிலேயே அப்படித்தான், பாவம், அது ஆட்டினாலும் நம் கண்ணில் படாது. அதனால் காதைப் பார். பக்கவாட்டில் மடங்கும். முதுகுத் தோல் அலை மாதிரி துடிக்கும். கர்ர் சத்தம் சட்டென்று நிற்கும். இதில் எதைக் கண்டாலும் கையை எடுத்துவிட வேண்டும். தடவ ஆசை என்றால் கன்னம், தாடை, காதுக்கு முன்னால். அங்கே வாசனைச் சுரப்பி இருக்கிறது, அதுவே வந்து உரசுகிற இடம்.

சேகர், 12.20
கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் பூனையும் மூடும் என்று படித்தேன். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். அப்படிச் செய்தபின் முன்பின் தெரியாதவர் நீட்டிய கையிடமும் பூனைகள் கூடுதலாக வந்தனவாம்.

விமலா, மாலை 6.47
பெரியம்மா, நான் யாழினி! மிலோ துணி துவைக்கிற மெஷின் மேல் இருந்தது. நான் தள்ளி உட்கார்ந்து கண்ணை மெதுவாக மூடினேன். மூன்றாவது தடவை அதுவும் மூடியது! அப்புறம் இறங்கி வந்து, கட்டுப் போட்ட கையை முகர்ந்துவிட்டுக் கன்னத்தை என் முட்டியில் தேய்த்தது. நான் தடவவே இல்லை.

ராணி, 6.49
கெட்டிக்காரி. உன் அப்பா என்ன சொல்கிறார்?

விமலா, 6.53
இவர் கெம்போங் மீன் வாங்கி வந்திருக்கிறார் அக்கா. ஒன்றை உப்பில்லாமல் அவித்து முள் எடுத்து வை என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை.