ரோடு பைக் வாங்கி ஒரு மாதம்: கை பட்ட பாடு

ரோடு பைக் வாங்கப்போகிறேன் என்றதும் அம்மா மோட்டார் பைக் என்று நினைத்துவிட்டார். நான் சொன்னது ஹேண்டில்பார் கீழே வளைந்திருக்கும் ரேஸ் மாதிரி சைக்கிளை. வண்டி வந்ததும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ காசு குடுத்தும் ஸ்டாண்டு இல்ல, மட்கார்டும் இல்லயா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் டீக்கடையில் வண்டியைச் சாய்க்கச் சுவர் தேடிக்கொண்டுதான் நிற்கிறேன்.

சின்ன வயதிலிருந்து சைக்கிள் மிதிக்கிறவன், இதில் பழக என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். கால் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. படுத்தியெடுத்தது கைதான்.

முதலில் கியர். என்னுடையது ஷிமானோ கிளாரிஸ், பின்னால் 8 பல்சக்கரம், முன்னால் 2. பிரேக் லிவரையே பக்கவாட்டில் உள்ளே தள்ளினால் கியர் மாறும். அதன் பின்னால் ஒளிந்திருக்கும் குட்டி லிவர் எதிர்த்திசைக்கு. வலது கையில் பெரிய லிவரைத் தள்ளினால் செயின் பெரிய பல்சக்கரத்தில் ஏறி, மிதிப்பது லேசாகும். இடது கையிலும் அதையே செய்தால் அங்கேயும் பெரிய சக்கரத்தில்தான் ஏறும். ஆனால் அது முன்பக்கம், மிதிப்பது கனத்துவிடும்! ஒரு மேம்பால ஏற்றத்தில் அவசரத்தில் இடது கையைத் தள்ளி, பாதியிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பிரேக்கும் அப்படித்தான். பெரும்பாலும் மேலே, லிவரின் ரப்பர் உறையில் கை வைத்துத்தான் ஓட்டுகிறோம். அங்கிருந்து பிடித்தால் என் வண்டியில் பிரேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும். ஹேண்டில்பாரின் கீழ்வளைவில் கை இருந்தால் இரண்டே விரல் போதும். ஆனால் அவ்வளவு குனிய எனக்குப் பயம். ஒரு நாய் குறுக்கே பாய்ந்து, மயிரிழையில் தப்பிய அன்றைக்குத்தான் குனியக் கற்றுக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் முட்டுக்காடு வரை போனேன், சுமார் 20 கிலோமீட்டர். இறங்கிப் பார்த்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய், தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. உள்ளங்கை ஓரத்தில் ஓடும் அல்நார் நரம்பு அழுந்தினால் இப்படி ஆகுமாம். கையுறை வாங்கினேன், பலனில்லை. அப்புறம் பக்கத்து வீட்டில் கட்டட வேலை பார்க்கும் மேஸ்திரியிடம் ரசமட்டத்தை வாங்கி சீட்டின் மேல் வைத்தேன். குமிழி நடுவில் நிற்கவே இல்லை. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்க, உடம்பு முன்னால் வழுக்கி, பாரம் முழுக்கக் கையில் இறங்கியிருக்கிறது. நிமிர்த்தியதும் பாதி வலி போய்விட்டது.

பஞ்சர் கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. "என்ன தம்பி, வால்வு குச்சியாட்டம் இருக்கு?" என்றார் பெரியவர். இந்த ஒல்லி வால்வுக்குப் பிரெஸ்டா என்று பெயர். சாதா பம்பு இதில் பொருந்தப் பித்தளை அடாப்டர் ஒன்று கிடைக்கிறது. அதைப் பையில் போடாமல் கிளம்பாதீர்கள்.

*

தம்பி, உங்க பதிவைப் படித்தேன். சீட்டை நிமிர்த்தியது சரிதான். முழங்கையையும் விறைப்பாக நீட்டாமல் லேசாக மடக்கி வைங்க, குலுக்கல் தோளுக்கு ஏறாது.

நான் கோயம்புத்தூர். என்னைப் படுத்தியது காற்று. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும். அது தெரியாமல் கிழக்கே சூலூர் வரை பறந்தேன், காலுக்குத் திறமை வந்துவிட்டது என்று ஒரே பெருமை. திரும்பும்போது அதே 18 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம். இப்போதெல்லாம் முதலில் மேற்கே போய் எதிர்க்காற்றில் மாரடித்துவிடுவேன், வரும்போது அதுவே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

ஷூவைப் பெடலோடு பூட்டிவிடும் கிளிப் பெடல் மாட்டினால் ஒரு தடவை விழுவது உறுதி. நான் சிக்னலில் நின்ற வாக்கிலேயே சாய்ந்தேன், ஒரு பள்ளிக்கூட வேன் முழுக்கப் பார்த்தது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். பிரேக் பிடிப்பதற்கு முன்பே திருப்பணும், அவ்வளவுதான்.

*

அக்கா, கிளிப் பெடல் வாங்கிப் பெட்டியோடு அப்படியே வைத்திருக்கிறேன். சுவர் பக்கத்தில் இருக்கிற சிக்னலாக ஒன்று கிடைத்ததும் மாட்டுகிறேன்.