சம்பள ஃபோல்டருக்கு $ போட்டால் கிளை அலுவலகத்துக்குத் தெரியாதா?

ஓசூர் சர்வர்காரன்:
தருமபுரிக் கணக்கர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "ஷேர் (நெட்வொர்க்கில் பகிரும் ஃபோல்டர்) பெயரின் கடைசியில் $ போட்டுவிட்டால் போதும், சர்வர் அந்தப் பெயரை வெளியே விடாது, கிளை அலுவலகத்தில் இருப்பவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது" என்கிறார். முழுத் தவறு. சர்வர் எல்லாப் பெயர்களையும் அனுப்புகிறது. அவற்றை வாங்கிக்கொள்ளும் கணினிதான் $ உள்ளவற்றைத் திரையில் காட்டாமல் விடுகிறது. இந்தப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் சம்பளமும் கொள்முதல் விலையும் இந்த நம்பிக்கையில்தான் திறந்து கிடக்கின்றன.

தருமபுரிக் கணக்கர்:
சோதித்துப் பார்த்துத்தான் எழுதினேன். கிளை அலுவலகக் கணினியிலிருந்து, சர்வரில் உள்ள ஷேர்களைப் பட்டியலிடும் நெட் வியூ கட்டளையைக் கொடுத்தேன். பிரிண்டர் வந்தது, பொது ஃபோல்டர் வந்தது. $ போட்டது வரவில்லை. வராததை வந்தது என்று நான் எப்படி ஐயா சொல்வது?

ஓசூர் சர்வர்காரன்:
அதே கட்டளையின் கடைசியில் /ஆல் (/all) என்று சேர்த்துக் கொடுங்கள். விண்டோஸ் தானாகவே உருவாக்கும் சி$, அட்மின்$, ஐபிசி$, அவற்றோடு நீங்கள் உருவாக்கிய சம்பளம்$ என எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். சர்வரில் யாரும் கை வைக்கவில்லை. மாறியது நீங்கள் தட்டிய கட்டளை மட்டும். அப்படியானால் பெயரை மறைத்தது யார்?

தருமபுரிக் கணக்கர்:
/ஆல் கொடுக்காதபோது வரவில்லை அல்லவா? நான் சொன்னது அதைத்தான்.

பர்கூர் நண்பர்:
எங்கள் அலுவலகத்தில் இன்னொரு கணினியின் சி$-ஐ, அதாவது அதன் சி டிரைவை, திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தும் அப்படித்தான். அதனால் $ பாதுகாப்புத் தருகிறது என்றே எனக்கும் படுகிறது.

ஓசூர் சர்வர்காரன்:
பர்கூர் அண்ணா, அது $ செய்த வேலை இல்லை. டொமைன் (எல்லாக் கணக்குகளையும் ஒரே சர்வர் நிர்வகிக்கும் அமைப்பு) இல்லாமல் ஒவ்வொன்றும் தனிக் கணக்குகளோடு வெறும் ஒர்க்குரூப்பில் இருக்கும் கணினிகளில், உள்ளூர் நிர்வாகி கணக்கோடு நெட்வொர்க் வழியாக நுழைந்தால் விண்டோஸ் அந்த நிர்வாகி உரிமையைக் கழற்றிவிடுகிறது. விஸ்டா காலத்திலிருந்தே இப்படித்தான். விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் அக்கவுன்ட் டோக்கன் ஃபில்டர் பாலிசி என்பதை 1 ஆக்கினால் திறக்கும்; தயவுசெய்து ஆக்காதீர்கள். ஆனால் சி$-க்குக் கிடைக்கும் இந்தக் காவல் கணக்கரின் சம்பளம்$-க்குக் கிடையாது. அதில் எவ்ரிஒன் (எல்லோருக்கும்) என்று அனுமதி இருந்தால், அந்தக் கணினியில் உள்நுழையக்கூடிய யாரும் திறக்கலாம்.

காவேரிப்பட்டணத்தான்:
நாங்கள் சி$ ஷேரை நீக்கினோம். கணினியை அணைத்துப் போட்டதும் திரும்பி வந்துவிட்டது. இதற்கு என்ன வழி?

ஓசூர் சர்வர்காரன்:
லான்மேன் சர்வர் பாராமீட்டர்ஸ் என்ற ரெஜிஸ்ட்ரி இடத்தில் ஆட்டோஷேர் டபிள்யூகேஎஸ் 0 என்று வையுங்கள். சர்வர் விண்டோஸாக இருந்தால் ஆட்டோஷேர் சர்வர். தொலைவிலிருந்து பேக்கப் எடுக்கும் மென்பொருள் சில சி$-ஐ நம்பியே இருக்கின்றன, அதைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

தருமபுரிக் கணக்கர்:
கேட்ட கேள்வி ஒன்று, பாடம் வேறு. எடைமேடையில் உட்கார்ந்திருக்கும் பையன் /ஆல் தட்டுவானா? பெங்களூரா மாங்காய் லோடு வரிசையாக நிற்கும் சீசனில் அவனுக்கு அதற்கு நேரம் ஏது? அவன் கண்ணில் படவில்லை. எனக்கு அது போதும்.

ஓசூர் சர்வர்காரன்:
"அவன் தட்டமாட்டான்" என்பதும் "சர்வர் பெயரை விடாது" என்பதும் ஒன்றா? நேற்று எழுதியது இரண்டாவது. நெட்வொர்க்கில் ஓடும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். /ஆல் சேர்க்காத நெட் வியூவுக்கே சர்வர் அனுப்பும் பதிலைத் திறந்தால், ஆங்கிலத்தில் வைத்த ஷேர் பெயர் ஒவ்வோர் எழுத்துக்கும் பிறகு ஒரு புள்ளி விழுந்து கிடக்கும், ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் என்பதால். அந்த வரிசையின் கடைசியில் $ உட்கார்ந்திருக்கும். திரையில் இல்லாதது கம்பியில் வந்திருக்கிறது!

பாலக்கோட்டுத் தம்பி:
லினக்ஸில் ஷேர்களைத் திறக்கும் எஸ்எம்பி கிளையன்ட் கொண்டு பட்டியல் கேட்டால் /ஆல் கூடத் தேவையில்லை அண்ணா. $ எல்லாம் தானாகவே வருகிறது.

தருமபுரிக் கணக்கர்:
எங்கள் அலுவலகத்தில் லினக்ஸ் இல்லை.

பாலக்கோட்டுத் தம்பி:
வருகிறவன் மடிக்கணினியில் இருக்குமே ஐயா.

தருமபுரிக் கணக்கர்:
தம்பி, நீ நேற்று வந்தவன். டேலி டாஸில் ஓடிய காலத்திலிருந்து நான் கணக்கு எழுதுகிறேன். ஓசூர்க்காரர்களுக்கு சிப்காட் வந்ததிலிருந்தே மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணம். 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோது அது இன்னும் ஏறிவிட்டது.

ஓசூர் சர்வர்காரன்:
மாவட்டத்தை எதற்கு இழுக்கிறீர்கள்? எந்த ஊர்ச் சர்வரும் அந்தப் பெயரை அனுப்பத்தான் செய்யும்.

பர்கூர் நண்பர்:
கிளைக் கணினிகள் நெட்வொர்க் பட்டியலிலேயே வருவதில்லை என்று எங்கள் ஆள் எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபோல்டர் பகிர்வு முறையை இயக்கி வைத்திருக்கிறார். அதையும் சொல்லுங்கள்.

ஓசூர் சர்வர்காரன்:
உடனே அணைக்கச் சொல்லுங்கள்! 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது அந்த வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். விபிஎன் (இணையத்தின் ஊடாகப் போடும் தனிப் பாதை) வழியாக இருக்கும் கிளை பட்டியலில் வராவிட்டால் ஐபி முகவரியைத் தட்டித் திறக்கலாம். எஸ்எம்பி பயன்படுத்தும் 445 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவைத்திருந்தால் அதையும் மூடுங்கள்.

காவேரிப்பட்டணத்தான்:
அடுத்தவர் கணினியில் என்ன ஷேர் இருக்கிறது என்று பார்க்க இத்தனை வழி சொல்லித் தருகிறீர்களே, இது குற்றம் இல்லையா? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். மூன்று ஆண்டு வரை சிறை.

ஓசூர் சர்வர்காரன்:
என் பொறுப்பில் உள்ள கணினிகளை முதலாளியின் அனுமதியோடு பார்க்கிறேன். இங்கே எல்லோருக்கும் சொல்வதும் அதுதான்: உங்கள் அலுவலகத்தை நீங்களே /ஆல் போட்டுப் பாருங்கள். பிறகு எவ்ரிஒன் என்பதை எடுத்துவிட்டு, கணக்குப் பிரிவுக்கு மட்டும் ஷேர் அனுமதியும் என்டிஎஃப்எஸ் (வட்டில் உள்ள ஃபோல்டருக்கான) அனுமதியும் கொடுங்கள். அப்போது பெயர் ஊருக்கே தெரிந்தாலும் கவலை இல்லை.

தருமபுரிக் கணக்கர்:
போன ஆண்டு எங்களுக்கு நெட்வொர்க் போட்டுக்கொடுத்தவரும் இதே தோரணையில்தான் பேசினார். மழை வந்ததும் ஸ்விட்ச் செத்தது, ஆள் தொலைபேசியை எடுக்கவில்லை.

பாலக்கோட்டுத் தம்பி:
அதற்கும் $-க்கும் என்ன தொடர்பு ஐயா?

தருமபுரிக் கணக்கர்:
தொடர்பு இருக்கிறது. பேசுகிறவர்கள் வேறு, அலுவலகம் நடத்துகிறவர்கள் வேறு. இப்போதும் நெட் வியூ கொடுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பிரிண்டர், பொது. சம்பளம் வரவில்லை.

ஓசூர் சர்வர்காரன்:
/ஆல் கொடுத்தீர்களா?

தருமபுரிக் கணக்கர்:
அதை நான் ஏன் கொடுக்க வேண்டும்?