காலையில் எரியும், மதியம் எரியாது: கேம்பர் வேனில் கியர்பாக்ஸ் லைட்

குளச்சல் பயணி:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுடையது டீசல் வேன், 6 கியர் ஆட்டோமேட்டிக். பின் சீட்டுகளை எடுத்துவிட்டு படுக்கை, சின்ன ஃப்ரிட்ஜ், அவற்றுக்குத் தனியாக 100 ஆம்பியர் ஹவர் பேட்டரி எல்லாம் வைத்து கேம்பராக மாற்றியிருக்கிறோம். ஆர்சியிலும் பதிவாகிவிட்டது. அப்பாவுக்கு முதுகுத்தண்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து நெடுநேரம் உட்கார முடியாது. அவர் படுத்துக்கொண்டே வரத்தான் இந்த வண்டி. அதனால் வழியில் நிற்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிரச்சினை இதுதான். தேங்காப்பட்டணம் கடற்கரையில் இரவு தங்கிவிட்டு காலையில் கிளம்பினால், கருங்கல் தாண்டுவதற்குள் கியர்பாக்ஸ் எச்சரிக்கை லைட் எரிகிறது. சில நேரம் ஒரே கியரில் பிடித்துக்கொண்டு மாறவே மாட்டேன் என்கிறது. ஓரம் கட்டி சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். தக்கலை, வில்லுக்குறி வழியாக நாகர்கோவில் வந்து சேர்வதற்குள் லைட் வருவதே நின்றுவிடும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு நண்பகல் வெயிலில் ஏறியபோதுகூட ஒன்றும் இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். பி0700 என்று ஒரு கோடு (code, ஸ்கேனர் காட்டும் குறியீட்டு எண்) வந்தது, அழித்துக் கொடுத்தார்கள். மறுபடி வந்ததும் வால்வு பாடி (கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் பாகம்) மாற்ற வேண்டும் என்கிறார்கள். சொல்லும் தொகை மிகப் பெரியது. அதற்கு முன் வேறு எதைப் பார்க்கலாம்?

மார்த்தாண்டம் டீசல்:

கியர்பாக்ஸ் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? குறைந்திருந்தாலும் லைட் வரும். பல வண்டிகளில் அளவு பார்க்க டிப்ஸ்டிக் கிடையாது. ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். தெரிந்தவரிடம் விடுங்கள்.

குளச்சல் பயணி:

இந்த மழைக்காலத்துக்கு முன்புதான் மாற்றினோம் அண்ணே. அளவையும் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. கசிவும் இல்லை.

தக்கலை ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

தம்பி, அவசரப்பட்டு கியர்பாக்ஸைத் திறக்க விடாதீங்க. பி0700 என்பது பழுதின் பெயரே இல்லை. ‘கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு கோடு இருக்கிறது, அங்கே போய்ப் பார்’ என்று எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்வது, அவ்வளவுதான். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் போகக்கூடிய ஸ்கேனர் போட்டு, அழிப்பதற்கு முன் எல்லாக் கோடுகளையும் எழுதி வாங்குங்கள். பி0562 இருந்தால் வோல்டேஜ் குறைவு, பி0218 இருந்தால் ஆயில் சூடு, பி0705 இருந்தால் லீவர் நிலையைச் சொல்லும் சென்சார் பக்கம்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது வேறு. ஆயில் சூட்டால் வருகிற கோளாறு என்றால் பேச்சிப்பாறை ஏற்றத்தில்தான் வந்திருக்க வேண்டும். உங்களுக்கு வருவதோ இரவு தங்கிய மறுநாள் காலையில். இரவெல்லாம் ஃப்ரிட்ஜும் ஃபேனும் ஓடி இரண்டாவது பேட்டரி இறங்கியிருக்கும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆனதும் அதன் சார்ஜர் முழு ஆம்பியரையும் இழுக்கும். நாகர்கோவில் வருவதற்குள் பேட்டரி ஏறி இழுப்பு குறைந்துவிடும், லைட்டும் நின்றுவிடும். அந்தச் சார்ஜரின் நெகட்டிவ் ஒயரை எங்கே மாட்டியிருக்கிறார்கள்?

குளச்சல் பயணி:

கீழே குனிந்து பார்த்தேன். 30 ஆம்பியர் சார்ஜர். நெகட்டிவ், கியர்பாக்ஸிலிருந்து சேசிஸுக்கு வரும் பின்னல் எர்த் பட்டையின் அதே போல்ட்டில், அதற்கு மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறது. ஒயர் முனையில் உள்ள லக்கை (போல்ட்டில் மாட்டும் வளையம்) சுற்றி பச்சை பூத்திருக்கிறது. அடியில் பெயின்ட் சுரண்டப்படவே இல்லை.

தக்கலை ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

சந்தேகம் அங்கேதான். பெயின்ட்டும் உப்புக் காற்றும் சேர்ந்து அந்த இடத்தில் 0.02 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்தாலே போதும், 30 ஆம்பியர் ஓடும்போது 0.6 வோல்ட் அங்கேயே போய்விடும். 5 வோல்ட்டில் வேலை செய்யும் சென்சார்கள் உள்ள இடத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

வெறும் ஓம் பார்க்காதீங்க. கரண்ட் ஓடாதபோது மீட்டர் நல்லதாகவே காட்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை கியர்பாக்ஸ் பாடியில் சுத்தமான உலோகத்தில் அழுத்துங்கள். இன்னொன்றை பேட்டரி நெகட்டிவ் ஈயத் தூணிலேயே வையுங்கள், மேலே உள்ள கிளாம்பில் வேண்டாம். லீவர் பி-யில் (பார்க்கிங்), ஹேண்ட்பிரேக் போட்டு எஞ்சினை ஓட விட்டு, ஹெட்லைட், ஏசி, ஃப்ரிட்ஜ், சார்ஜர் எல்லாம் போடுங்கள். வண்டிக்கு அடியில் போகாமல் மேலிருந்தே எட்டுகிற இடமாகப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. 0.2-ஐத் தாண்டினால் சரிசெய்ய வேண்டும். மைனஸ் குறி வந்தாலும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது பேட்டரி இறங்கியிருக்கும் காலையில் பார்த்தால்தான் சரியாகத் தெரியும்.

முட்டம் மீன்வண்டி:

அண்ணாச்சி சொல்வது சத்தியம். கடற்கரை ஓட்டத்தில் எர்த் போல்ட்டும் ஒயர்களை இணைக்கும் கப்ளரும்தான் முதலில் போகும். கியர்பாக்ஸ் கப்ளரையும் கழற்றி உள்ளே ஈரமோ ஆயிலோ இருக்கிறதா பாருங்கள். சாவியை அணைத்து, பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

குளச்சல் பயணி:

இரவு ஃப்ரிட்ஜை ஓட விட்டு காலையில் பார்த்தேன். சார்ஜர் அணைந்திருக்கும்போது 0.07. சார்ஜர் போட்டதும் 0.68. ஒயரை லேசாக ஆட்டினால் எண் தாவுகிறது. சொன்னபடி ஸ்கேனரும் போட்டாயிற்று, உள்ளே பி0562 இருந்தது. கப்ளர் காய்ந்து சுத்தமாக இருக்கிறது.

தக்கலை ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

அப்போ அதேதான். பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டு போல்ட்டைக் கழற்றுங்கள். சேசிஸில் லக் உட்காரும் வட்டத்தை உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேயுங்கள். பின்னல் பட்டையில் இழைகள் அற்றிருந்தால் தேய்த்து நேரம் கழிக்க வேண்டாம், புதிதாகப் போடுங்கள். முறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள். சார்ஜர் நெகட்டிவை அந்தப் போல்ட்டில் திரும்ப மாட்டவே கூடாது. எஞ்சின் பிளாக்குக்குத் தனியாகத் தடித்த ஒயர் இழுங்கள்.

குளச்சல் பயணி:

புதுப் பட்டை போட்டு, சார்ஜருக்குத் தனி ஒயரும் இழுத்தாயிற்று. பழைய பட்டையின் ஒரு பக்கம் கையிலேயே பொடிந்தது. இப்போது எல்லாம் ஓடும்போதும் 0.04. தேங்காப்பட்டணத்தில் தங்கிவிட்டு காலையில் கருங்கல் வழியாகவே வந்தோம். லைட் வரவில்லை, கியர் ஒழுங்காக மாறுகிறது. வால்வு பாடி வேண்டாம் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டேன். அண்ணாச்சிக்கு அப்பா தனியாக நன்றி சொல்லச் சொன்னார்.

தக்கலை ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

நல்லது தம்பி. அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். கடற்கரையில் தங்கி வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அதே மீட்டர் சோதனையைச் செய்யுங்கள். 0.1-ஐத் தாண்டினால் லைட் வரும்வரை காத்திருக்காமல் போல்ட்டைக் கழற்றிவிடுங்கள்.