நார்தர் (வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று) அடித்து மூன்று நாள் ஆகிறது, கரையிலிருந்து ஒரு பாஸ் மீன்கூடக் கடிக்கவில்லை: எங்கே தேடுவது?

கேள்வி: குளத்தங்கரை75

டல்லாஸுக்கு வடக்கே, சிட்டி பார்க்குக்குள்ள இருக்கிற குளம். நாலு ஏக்கர் இருக்கும். படகு கிடையாது, கரையிலிருந்துதான். மார்ச் கடைசி வாரம். போன ஞாயிறு தண்ணி 64 டிகிரி ஃபாரன்ஹீட், ஓரத்துலயே ஆண் பாஸ் சுத்திட்டு இருந்துச்சு. புதன் மதியம் நார்தர் வந்து ரெண்டு ராத்திரி வெளிக் குளிர் 36 வரைக்கும் இறங்கிடுச்சு. இன்னைக்கு சனி. காலை 7 முதல் 10 வரை ஸ்பின்னர்பெயிட், சாட்டர்பெயிட், ஸ்கொயர்பில்னு மூணு லூரும் (செயற்கை இரை) போட்டாச்சு, ஒரு கடி இல்லை. வானம் ஒரு மேகம் இல்லாம நீலமா இருக்கு, தண்ணி 55.

ராடு 7 அடி மீடியம் ஸ்பின்னிங், 2500 ரீல், 15 பவுண்டு தாங்கும் பிரெயிட் (பின்னல் நூல்), லீடர் (நுனியில கட்டுற தனி நூல்) இல்லை. ஜெர்க்பெயிட்டும் (சுண்டிச் சுண்டி இழுக்கிற மீன் வடிவ லூர்) போட்டேன், நிறுத்தினா மேல மிதந்து வந்துடுது. மீன் எங்க போச்சு? எத்தனை நாள் காத்திருக்கணும்?

பதில்: மதகடி

மீன் தூரமாக எங்கும் போகவில்லை. நாலு ஏக்கரில் போக இடமும் இல்லை. ஓரத்தில் இரண்டு அடி ஆழத்தில் நின்றது, அதற்கு அடுத்த பள்ளத்தின் விளிம்புக்கு இறங்கியிருக்கும். இந்த அளவுக் குளத்தில் அது ஐந்து முதல் எட்டு அடி ஆழம்தான்.

பாஸின் உடல் சூடு என்பது தண்ணீரின் சூடுதான். இரண்டே நாளில் ஒன்பது டிகிரி இறங்கினால் செரிமானம் மந்தமாகும், துரத்திப் பிடிக்காது. ஒரு முழத்துக்குள் வந்து நிற்கும் இரையை மட்டும் வாயில் எடுக்கும். பிப்ரவரியில் 48-லிருந்து ஏறி வரும் 55 நல்ல மீன்பிடி. 64-லிருந்து இறங்கி வரும் 55 வாயை அடைக்கும். எண் ஒன்றுதான், திசைதான் வேறு. வேகமாக இழுக்கும் மூன்று லூருக்கும் கடி வராததற்குக் காரணம் இதுவே.

இடம் தேட முதலில் பத்து டாலர் தெர்மாமீட்டர் ஒன்றை நூலில் கட்டிக்கொள்ளுங்கள். கரையைச் சுற்றி ஆறேழு இடத்தில் ஓரடி ஆழத்தில் இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். இரண்டு டிகிரி வித்தியாசம் கிடைத்தாலே அங்கே நில்லுங்கள். பெரும்பாலும் அது வடக்குக் கரையாக இருக்கும். வாடைக் காற்று அந்தக் கரையைத் தாண்டி நடுக்குளத்தில்தான் இறங்கும், மார்ச் வெயிலோ தெற்கிலிருந்து நேராக அதன் மேல் விழும். கறுப்புச் சேறு, காய்ந்த சம்பங்கோரை, அணைக்கரையில் அடுக்கிய கல், கான்கிரீட் சுவர் ஆகியவை வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். இவற்றில் ஒன்று ஆழத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சூடு மட்டும் இருந்து ஆழம் இல்லாத மூலை வெறும் மூலைதான்.

அப்புறம், காலை 7 மணி தப்பான நேரம். இரவுக் குளிர் முழுக்கத் தண்ணீரில் இருக்கும் வேளை அது. பகல் 1 முதல் 4 வரை போங்கள்.

பதில்: ஸ்பின்னர்மணி

காத்து எந்தக் கரையில அடிக்குதோ அங்கதான் பாஸ் இருக்கும். அலை அடிச்சா குட்டி மீனை ஒதுக்கித் தள்ளும். தெற்குக் கரைக்குப் போங்க.

பதில்: மதகடி

மே மாதம், தெற்குக் காற்று என்றால் நீங்கள் சொல்வது சரி. இப்போது அடித்தது வாடை. குளிர்ந்த மேல்தண்ணீரைத் தெற்குக் கரையில்தான் கொண்டுபோய்க் குவித்திருக்கும். தென்கரை இரண்டு நாளாவது பின்தங்கியே இருக்கும். காற்று திரும்பித் தெற்கிலிருந்து வீசத் தொடங்கிய பிறகு உங்கள் யோசனையை முதலில் செய்யலாம்.

பதில்: தங்கூசி

இடத்தைப் பற்றி மேலே சொல்லியாச்சு. நான் தங்கூசியையும் (தூண்டில் நூல்) இரையையும் பற்றிச் சொல்லுறன்.

பின்னல் தங்கூசி மிதக்கும், வெயிலுக்குப் பளிச்செண்டு தெரியும். அதன் நுனியில் 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் தங்கூசி ஏழு அடி கட்டுங்கோ. டபுள் யூனி முடிச்சுப் போதும், இறுக்க முதல் எச்சிலால நனையுங்கோ.

ஜெர்க்பெயிட் மேல வாறதுக்குக் குளிரும் ஒரு காரணம். தண்ணி குளிர்ந்தால் அடர்த்தி கூடும், அறைச் சூட்டில அந்தரத்தில நிற்கிற லூர் இங்கே மிதக்கும். முன் முள்ளின் தண்டில மெல்லிய ஈயக் கம்பியை நாலைந்து சுற்றுச் சுற்றி, கரையோரத் தண்ணியில விட்டுப் பாருங்கோ. மூக்குக் கொஞ்சம் கீழ சரிஞ்சு அசையாமல் நிற்க வேணும். தாழ்ந்தால் ஒரு சுற்றைக் கழட்டுங்கோ. ராடால இரண்டு வெட்டு வெட்டி இழுங்கோ, பிறகு ஐந்து எண்ணும் வரை நிறுத்தம். 50-க்குக் கீழ எண்டால் பத்து, பதினைந்து வரை எண்ணுங்கோ.

ஆனால் உங்கட குளத்துக்கு நான் முதலில எடுக்கிறது நெட் ரிக்: 1/10 அவுன்ஸ் காளான் தலை ஜிக் (ஈயத் தலை வச்ச முள்), இரண்டே முக்கால் அங்குலப் பிளாஸ்டிக் புழு, கிரீன் பம்ப்கின் நிறம். எறிஞ்சு அடியில இருக்க விட்டு, பத்து எண்ணி, ஒரு சாண் இழுத்து, திரும்ப விடுங்கோ. புழு நெட்டுக்குத்தாக நிற்கும், அதுவே போதும். கடி "டக்" எண்டு வராது. ஈரத்துணி தொங்கின மாதிரிப் பாரம் தெரியும், இல்லாட்டித் தங்கூசி பக்கவாட்டில நகரும். அப்ப ராடைப் பலமாக வெட்டி இழுக்காதேங்கோ. சுத்திக்கொண்டே சாய்ச்சு இழுங்கோ, மெல்லிய முள் தானாக ஏறும்.

குளத்தங்கரை75

நன்றி. மதியம் 2 மணிக்கு அளந்தேன்: தெற்கு அணைக்கரை கல் 55, மேற்கே மழைத்தண்ணி குழாய் வர்ற இடம் 53, கலங்கலுக்கு (தண்ணி வழிஞ்சு போற இடம்) பக்கம் 56, வடகிழக்கு மூலையில கோரைக்கு வெளியே 59. அங்க பத்தடி தள்ளி ஒரு மரம் மூழ்கிக் கிடக்கு. ஆனா நெட் ரிக்கை அணைக்கல்லுல போட்டு மூணு ஜிக் போயிடுச்சு. வடகிழக்குல பாசி சுத்திக்குது.

பதில்: மதகடி

59-ஐ விடாதீர்கள். கோரை, பக்கத்தில் ஆழம், மூழ்கிய மரம் மூன்றும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். நீலவானத்தில் பாஸ் மரத்தின் நிழல் பக்கம், தண்டோடு ஒட்டி நிற்கும். மரத்தைத் தாண்டி எறிந்து இழுத்து வாருங்கள், மரத்தின் மேலேயே விழுந்தால் மிரளும். கரையிலிருந்து நாலைந்து அடி பின்னால் நின்று எறியுங்கள், தண்ணீர் தெளிவாக இருக்கும். கிளை ஒவ்வொன்றுக்கும் நாலைந்து முறை எறிய வேண்டும். நல்ல காலத்தில் ஒரே எறியில் கிடைக்கிற மீன், இந்த நிலையில் ஐந்தாவது எறிக்குத்தான் வாய் திறக்கும்.

குழாய் இருக்கும் மேற்கு மூலையை விட்டுவிடுங்கள். குளிர் மழைக்குப் பின் வரும் ஓட்டம் குளத்தைவிடக் குளிர்ந்தது.

பதில்: தங்கூசி

பாசிக்கு முள் மறைஞ்ச டெக்சஸ் ரிக் போடுங்கோ. 3/16 அவுன்ஸ் தோட்டா ஈயம், 3/0 வளைஞ்ச முள், நாலு அங்குல நண்டு வடிவப் பிளாஸ்டிக். முள்ளின் நுனி தோலுக்குள்ள மட்டும் செருகி இருக்க வேணும்.

கல்லில மாட்டுறதுக்குக் காரணம் கரையில நிண்டு பள்ளத்திலிருந்து மேட்டுக்கு இழுக்கிறது. ஒவ்வொரு இழுப்பும் ஜிக்கைக் கல் இடுக்குக்குள்ள ஆப்பாக அடிக்குது. அணைக்கரைக்கு நேர் எதிரே எறியாமல், கரையை ஒட்டி நீளவாக்கில எறியுங்கோ. 1/16 அவுன்ஸ் தலைக்கு மாறுங்கோ. மாட்டினால் இழுத்து இறுக்காதேங்கோ. எதிர்ப்பக்கம் பத்தடி நடந்து போய், தங்கூசியைத் தளரவிட்டு மெல்லச் சுண்டுங்கோ, வந்த வழியே கழண்டு விடும்.

பதில்: மதகடி

எத்தனை நாள் என்ற கேள்விக்கு: பகல் வெயிலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இரவுக் குறைந்த வெப்பத்தைப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று இரவு 50-க்கு மேல் நின்று, காற்றும் தெற்காகத் திரும்பினால் மீன் ஓரத்துக்கு வந்துவிடும். சாட்டர்பெயிட்டை அப்போது எடுங்கள். தண்ணீர் 60-ஐத் தாண்டியதும் ஆண் மீன் வட்டமாகத் தரையைத் துடைத்து முட்டைக்கு இடம் பண்ணும். காவல் நிற்கும் ஆணைத் தூக்கினால் சில நிமிடத்துக்குள் புளூகில் என்ற சிறு மீன் கூட்டம் முட்டையைத் தின்றுவிடும். வட்டம் தெரிந்தால் அதை விட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள், தயவுசெய்து.

ஸ்பின்னர்மணி

லைசென்ஸ் பத்தி யாரும் சொல்லலை. 17 வயசிலிருந்து சிட்டி பார்க் குளத்துக்கும் வேணும். ரே ராபர்ட்ஸ் மாதிரி ஸ்டேட் பார்க் எல்லைக்குள்ள கரையில நின்னு பிடிச்சா மட்டும் தேவையில்லை, நுழைவுக் கட்டணம் போதும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தா பொது விதிப்படி லார்ஜ்மவுத் பாஸ் 14 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, நாளுக்கு அஞ்சு. சில ஏரிக்குத் தனி அளவு உண்டு, பலகையைப் பாருங்க.

குளத்தங்கரை75

3:20-க்கு மரத்தோட நிழல் பக்கம், டெக்சஸ் ரிக், ஆறாவது எறி. இழுக்கல, கடிக்கல, நூல் மட்டும் இடப்பக்கம் நகர்ந்துச்சு. 17 அங்குலம், அளந்து விட்டாச்சு. அதே கிளையில இன்னொரு 13. தண்ணி அப்போ 60.