குடும்பக் குழுவில் கிளாப்டன் பஞ்சாயத்து

கார்த்திக்: தலைசிறந்த கிடாரிஸ்டுகள் என்று ஒரு பட்டியல் சுற்றுகிறதே, அதில் மறுபடியும் இங்கிலாந்துக்காரர் எரிக் கிளாப்டன் மேலே. அவருடைய 1992 அன்பிளக்ட் ஆல்பத்தை முழுசாகக் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதற்கா இவ்வளவு பில்டப்?

ரவி சித்தப்பா: தப்பான இடத்தில் ஆரம்பித்திருக்கிறாய்டா. 1966ல் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு செய்த ரெக்கார்டைக் கேள். கிளாப்டனுக்கு அப்போது 21 வயது, லெஸ் பால் என்ற மாடல் கிடாரை மார்ஷல் ஆம்ப் என்கிற ஒலிபெருக்கியில் சொருகி, மேடையில் வைக்கிற அதே சத்தத்தில்தான் ஸ்டுடியோவிலும் வாசிப்பேன் என்று அடம்பிடித்தார். ஆம்ப் திணறும்போதுதான் அந்தத் தடித்த, இழுத்தால் நீண்டுகொண்டே போகிற ஓசை வரும். கிப்ஸன் கம்பெனி கைவிட்டிருந்த அந்த லெஸ் பால் மாடலை 1968ல் மறுபடி தயாரிக்க ஆரம்பித்ததற்கு இவரும் ஒரு காரணம்.

கார்த்திக்: சரி, ஓசைக்கு மார்க். 'கிளாப்டன்தான் கடவுள்' என்றார்களே, அது?

ரவி சித்தப்பா: அது லண்டன் சுவரில் யாரோ எழுதியது, அவர் எழுதவில்லையே 😄

நந்தினி: சித்தப்பா சொல்வது பாதிதான் கதை. கிளாப்டன் இருந்த கிரீம் குழுவின் 1967 ஆல்பத்தில் முதல் பாட்டின் கிடார் சோலோவைக் கேட்டுவிட்டு அமெரிக்க கிடாரிஸ்ட் ஆல்பர்ட் கிங்கைக் கேளுங்கள், அச்சு அசல் அவர் பாணி. கிங் இடது கைக்காரர், வலது கைக் கிடாரை அப்படியே தலைகீழாகப் பிடிப்பார், மெல்லிய தந்தி மேலே வந்துவிடும். நாமெல்லாம் மேலே தள்ளுகிற தந்தியை அவர் கீழே இழுப்பார். அந்த அழுகை அதிலிருந்து வருவது.

பெரியம்மா: யார் இவர்கள் எல்லாம்? ஞாயிற்றுக்கிழமை வேன் எத்தனை மணிக்கு என்று யாராவது சொல்லுங்கள்.

நந்தினி: காலை 6 மணி பெரியம்மா.

கார்த்திக்: அப்போ கிளாப்டன் காப்பி அடித்தாரா?

நந்தினி: அப்படிச் சொல்ல மாட்டேன். புளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின இசையில் எல்லாருமே ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டவர்கள்தான். பெயரும் பணமும் யாருக்குப் போனது என்பதில்தான் எனக்கு எரிச்சல். புளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936ல் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் 'கிராஸ் ரோட் புளூஸ்' பாட்டைப் பதிவு செய்துவிட்டு 1938ல் 27 வயதில் செத்துப்போனார். 30 வருஷம் கழித்து அதே பாட்டை கிரீம் மேடையில் வாசிக்க, உலகமே வாயைப் பிளந்தது.

ரவி சித்தப்பா: யாருடைய பாட்டு என்று கிளாப்டன் மறைக்கவில்லையே. 2004ல் ஜான்சன் பாடல்களை மட்டுமே வைத்து ஓர் ஆல்பம் போட்டார். லெட் செப்பலின் குழு அடுத்தவர் பாட்டைப் பெயர் போடாமல் எடுத்து, 1985ல் புளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்ஸன் வழக்குப் போட்ட பிறகுதானே வழிக்கு வந்தார்கள்?

நந்தினி: அது உண்மை. ஆனால் 1976ல் பர்மிங்காம் மேடையில் கிளாப்டன் குடியேறிகளுக்கு எதிராக என்னவெல்லாம் பேசினார்? 1974ல் ஜமைக்காவின் கறுப்பினப் பாடகர் பாப் மார்லி பாட்டை வைத்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர்! அந்தப் பேச்சுக்கு எதிராகத்தான் ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம் என்ற இனவெறி எதிர்ப்பு இயக்கமே தொடங்கியது.

ரவி சித்தப்பா: அது அசிங்கம்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. விரலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கார்த்திக்: அமெரிக்க கிடாரிஸ்ட் ஸ்டீவி ரே வானையாவது விட்டுவைப்பாயா அக்கா?

நந்தினி: அவரைத் தொட மாட்டேன் 🙏 அவரும் ஆல்பர்ட் கிங் பள்ளிதான், ஆனால் குருவின் எதிரிலேயே உட்கார்ந்து வாசித்தவர். 1983 டிசம்பரில் கனடாவில் ஹாமில்டன் டிவி ஸ்டுடியோவில் எடுத்தது இருக்கிறது, தேடிப் பார். அப்புறம் ஒன்று, வான் 1990ல் ஹெலிகாப்டர் விபத்தில் போனபோது வயது 35. சலிப்பான ஆல்பம் போடுவதற்கு அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. கிளாப்டன் 1970ல் கிடாரைக் கீழே வைத்திருந்தால் நீயும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாய்.

ரவி சித்தப்பா: இதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்!

நந்தினி: இல்லை சித்தப்பா, நீங்கள் முழு ஆயுளுக்கும் சேர்த்துப் பட்டம் கொடுக்கிறீர்கள். நான் அந்த நாலைந்து வருஷத்துக்குத்தான் தருவேன். புளூஸ்பிரேக்கர்ஸில் அவர் இடத்துக்கு வந்த பீட்டர் கிரீன் என் காதுக்கு அவரைவிட ஒரு படி மேல். குறைவாக வாசிப்பார், உள்ளே இறங்கும்.

கார்த்திக்: 1966 ரெக்கார்டு இப்போதுதான் போட்டேன். இரண்டாவதாக ஒன்று வருகிறதே, யாரும் பாடாமல் கிடார் மட்டும், அது பயங்கரம். சரி, பட்டியலில் இருந்துவிட்டுப் போகட்டும்.

நந்தினி: அது ஃபிரெடி கிங் 1960ல் பதிவு செய்தது 😂 அதையும் கேட்டுவிட்டு வா.

ரவி சித்தப்பா: தாராளமாகக் கேட்கட்டும். கேட்டுவிட்டு எது பிடித்தது என்று இங்கேயே போடுடா.