ரேடியேட்டரில் பால் கலந்த தேநீர் போன்ற நீர்: ஹெட்டைக் கழற்றாமலேயே காரணத்தை அறிய முடியுமா?

பவானிக்கரை எழுதியது:

என்னிடம் இருப்பது 1999ஆம் ஆண்டின் நான்கு சிலிண்டர் டீசல் கார். கியர் கையால் மாற்றும் வகை. வாங்கி 2 ஆண்டுகள் ஆகின்றன. முந்தைய உரிமையாளர் போர்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார். சென்ற வாரம் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் வெப்பமானியின் முள் வழக்கத்தைவிட மேலே ஏறியது. மறுநாள் காலை, வண்டி நன்றாகக் குளிர்ந்த பின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், உள்ளே பால் அதிகம் கலந்த தேநீரின் நிறத்தில் கெட்டியான நீர். மூடியின் அடியில் வெண்ணெய் போல ஒரு பசை. ஆனால் ஆயிலின் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருக்கிறது, வெண்புகையும் வரவில்லை. மெக்கானிக் பார்த்தவுடனேயே, ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார். அவ்வளவு செலவில் இறங்கும் முன் உறுதி செய்துகொள்ள வழி உண்டா?

ஸ்பேனர்14 எழுதியது:

ஹெட்டில் கை வைக்க இன்னும் நேரமிருக்கிறது, ஐயா. முதலில் ரேடியேட்டரிலிருந்து அரை லிட்டர் நீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, ஆடாமல் அசையாமல் ஓரிரவு வைத்துவிடுங்கள். துரு என்றால் செம்மண்ணைப் போல அடியில் படியும். எண்ணெய் என்றால் மேலே ஆடை கட்டும். அந்தப் பசையில் சிறிதளவு எடுத்துச் செய்தித்தாளில் தேய்த்து, காய்ந்த பின் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடம் பஜ்ஜி வைத்த தாளைப் போல ஒளி ஊடுருவத் தெரியும், துருவாக இருந்தால் வெறும் பழுப்புக் கறைதான் இருக்கும்.

எண்ணெய்தான் என்று உறுதியானால், என் சந்தேகம் ஹெட் கேஸ்கெட்டுக்கு முன்பாக, ரேடியேட்டர் நீரைக் கொண்டு எஞ்சின் ஆயிலின் சூட்டைத் தணிக்கும் ஆயில் கூலரின் மீதுதான் விழும். எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் ஏறத்தாழ 3 அல்லது 4 பார் வரை இருக்கும். கூலண்ட்டின், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் அழுத்தமோ 1 பார் அளவைத் தாண்டுவது அரிது. ஆகவே இரண்டுக்கும் நடுவிலுள்ள தடுப்பில் ஓட்டை விழுந்தால், ஆயில்தான் தண்ணீருக்குள் புகும். தண்ணீர் ஆயிலுக்குள் உடனே வராது. நீங்கள் சொல்லும் அடையாளமும் அதுவே. ஆனால் எஞ்சினை நிறுத்தியவுடன் ஆயிலின் அழுத்தம் போய்விடுகிறது, சூட்டில் இருக்கும் கூலண்ட்டின் அழுத்தம் சற்று நேரம் நீடிக்கிறது. அந்த இடைவெளியில் தண்ணீர் எதிர்த்திசையில் கசியக்கூடும். எனவே டிப் ஸ்டிக்கை மட்டும் நம்ப வேண்டாம். காலையில் வண்டியைக் கிளப்பும் முன், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் வடிகால் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால், இருந்தால் முதலில் அதுதான் சொட்டும்.

ஆயில் ஃபில்டருக்கு அருகே தண்ணீர் ஓஸ் ஏதும் செல்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். தானியங்கி கியர் வண்டியாக இருந்தால் ரேடியேட்டரின் உள்ளேயே இருக்கும் கியர் ஆயில் கூலரையும் சோதிக்க வேண்டியிருக்கும். தங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

லேத்துப்பட்டறை எழுதியது:

மேலே நண்பர் சொன்னது சரியே. ஆனாலும் ஹெட் கேஸ்கெட்டை அவ்வளவு எளிதில் விடுதலை செய்துவிடக் கூடாது. ஆயில் செல்லும் துளைக்கும் தண்ணீர் செல்லும் துளைக்கும் இடையில் மட்டும் கேஸ்கெட் அரித்துப்போனால், வெண்புகையே இல்லாமலும் இதே நிலை வரும். சிலிண்டரின் புகை தண்ணீரில் கலக்கிறதா என்பதையாவது பார்த்துவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஓஸ் கல்லாக இறுகினால் அது வெப்பத்தால் வந்த அழுத்தம் அன்று. ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீல நிறத் திரவம், கரியமில வாயு பட்டால் நிறம் மாறும். டீசல் எஞ்சின் ஐட்லிங்கில் வெளிவிடும் புகையில் அந்த வாயு குறைவு. அதனால் எஞ்சினைச் சற்று முறுக்கிவிட்டுச் சோதிக்க வேண்டும். சோதனைக்கு முன் கூலண்ட்டின் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள், அது திரவத்துக்குள் ஏறிவிட்டால் சோதனை வீண்.

இன்னொன்று: கசிவை அடைக்கும் தூளை யாராவது முன்பு கொட்டியிருந்தாலும் இப்படியொரு பழுப்புக் குழம்பு உண்டாகும். பழைய வண்டிகளில் இந்தக் கைவைத்தியம் அதிகம்.

பவானிக்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. பாட்டிலில் காலையில் மூன்று அடுக்குகள் தெரிந்தன: மேலே விரல் கன அளவுக்கு வெளிர்பழுப்பு ஆடை, நடுவே கலங்கல் நீர், அடியில் செம்மண் போன்ற துரு. ஓஸ் இறுகவில்லை, நீலத் திரவம் நீலமாகவே இருந்தது, சம்ப்பில் தண்ணீர் சொட்டவில்லை. ஆயில் ஃபில்டருக்கு மேலே கூலர் இருக்கிறது. அதைக் கழற்றி, ஆயில் பக்கத்தின் ஒரு வாயை அடைத்துத் தொட்டியில் மூழ்கவைத்து, மறு வாயில் காற்றுக் கொடுத்தபோது தண்ணீர்ப் பக்கத்திலிருந்து மணிமணியாகக் குமிழிகள் வந்தன. கூலரை மாற்றப் போகிறேன். அதன் பிறகு உடனே புதிய கூலண்ட் ஊற்றலாமா?

ஸ்பேனர்14 எழுதியது:

உடனே ஊற்ற வேண்டாம், அத்தனையும் பாழாகும். எஞ்சின் சூடாகும் வரை நீரோட்டத்தைத் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வைத்து, ஹீட்டர் வால்வைத் திறந்து, நுரை குறைவான சலவைத் தூளை வெந்நீரில் கரைத்து ஊற்றிச் சிறிது நேரம் ஓட விட்டு, ஆறிய பின் வடியுங்கள். நீர் தெளியும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்; மூன்று முறைக்குக் குறைந்து முடிந்ததாக நான் பார்த்ததில்லை. மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கழுவலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ரப்பர் கெடும். ஏற்கெனவே எண்ணெயில் ஊறி உப்பிய ஓஸ்களையும், ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள்.

கடைசி அலசல் டிஸ்டில்ட் வாட்டரில் இருக்கட்டும். எவ்வளவு வடித்தாலும் எஞ்சினுக்குள் கொஞ்சம் நீர் தங்கும் என்பதால், முதலிலேயே கலந்து ஊற்றினால் கூலண்ட் நீர்த்துப்போகும். மொத்தக் கொள்ளளவு 8 லிட்டர் என்றால் முதலில் 4 லிட்டர் அடர் கூலண்ட்டை (தண்ணீர் கலக்காதது) ஊற்றி, மீதியை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்கள். வடித்த கூலண்ட்டை வாசலில் கொட்டிவிடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், அது அவற்றுக்குக் கொடிய நஞ்சு.

சில நாள் ஓட்டியபின் மூடியின் அடியில் மறுபடியும் மெல்லிய ஆடை தெரிந்தால் பதற வேண்டாம், உள்ளே ஒட்டியிருந்த மிச்சமாக இருக்கலாம். துடைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அது குறைந்துகொண்டே வர வேண்டும். குறையாமல் கூடினால், அப்போது ஹெட்டைக் கழற்றுவதைப் பற்றிப் பேசலாம்.