தேள் கொட்டுனதுக்கு பிரஷர் மாத்திரை குடுத்தாங்க, ஏன்?

திண்டிவனத்தான்:
வணக்கம் மக்களே. போன வாரம் எங்க அக்கா பொண்ண தேள் போட்டுடுச்சு, ஏழு வயசு. வீட்டுக்குப் பின்னாடி செங்கல் அடுக்கி வச்சிருந்தோம், சொப்பு வச்சு விளையாட அதுல ஒண்ண உருவிருக்கா, விரல்லயே போட்டுடுச்சு. ஒரே ஒரு கத்தல், அப்புறம் பெருசா வலிக்குதுன்னுகூட சொல்லல, அதனால எங்க ஆயா புளியங்கொட்டைய கல்லுல உரசி ஒட்டிவிட்டு எல்லாம் எறங்கிடும்னுச்சு. அரை மணி நேரம்கூட ஆகல, ரெண்டு வாந்தி, கவுன் தொப்பலா நனையுற அளவுக்கு வேர்வை, கை கால தொட்டா ஐஸு. அள்ளிப் போட்டுட்டு ஓடுனோம். ஆஸ்பத்திரில பிரஷர் பாத்துட்டு ஒரு மாத்திரைய குடுத்து, மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா குடுக்கணும், பொண்ணு எழுந்து நிக்கவே கூடாதுன்னுட்டாங்க. பேரு பிரசோசின். நெட்ல தேடுனா ரத்தக்கொதிப்பு மாத்திரைன்னு வருது. பொண்ணு இப்ப நல்லா ஓடியாடிட்டு இருக்கா, ஆனா விஷமுறிவு ஊசி போடாம மாத்திரைய குடுத்து ஏமாத்திட்டாங்கன்னு மாமா இன்னும் கத்திட்டு இருக்காரு. தேள் விஷத்துக்கும் பிரஷருக்கும் என்னங்க சம்பந்தம்?

கொங்கு_மச்சான்:
தல, எனக்கு தோட்டத்துல ஒருக்கா கருந்தேள் கொட்டுச்சு, ஒரு சாண் இருக்கும். ராத்திரி பூரா உயிர் போற வலி, காலைல எழுந்து மாட்டுக்கு தண்ணி காட்டப் போயிட்டேன். தேளுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?

வார்டு_அக்கா:
கொங்கு தம்பி, உங்கள கொட்டுனது வேற, அந்தப் பொண்ண கொட்டுனது வேற. நண்டு மாதிரி பெரிய கொடுக்கு வச்சிட்டு கருப்பா மினுமினுன்னு வருதே அது பாக்கத்தான் பயங்கரம், அதுக்கு கொடுக்குலதான் பலம், விஷம் அவ்வளவு ஆள அடிக்காது. கொடுக்கு ஒல்லியா, வால் தடிமனா, செங்கல் கலர்ல இருக்கே செந்தேள், அதுதான் எமன், அதுலயும் சின்னப் பிள்ளைங்கன்னா ரொம்ப மோசம்.

திண்டிவனத்தான் தம்பி, நீங்க சொன்னதுல எனக்கு வயித்தக் கலக்குனது வேர்வை இல்ல, "பெருசா வலிக்கல"ன்னு சொன்னீங்க பாருங்க அதான். செந்தேள் கொட்டி வலி மட்டும்னா பெரும்பாலும் பயமில்ல, வலி கம்மியா இருந்து வாந்தி, வேர்வை, கை கால் ஜில்லுன்னு வந்தா விஷம் உடம்பு பூரா ஏறிடுச்சுன்னு அர்த்தம். ஆம்பளப் பசங்களா இருந்தா அந்த இடத்துல வெறைப்பு வரும், கூச்சப்பட்டு சொல்லமாட்டாங்க, நாங்களே கால்சட்டைய எறக்கிப் பாப்போம்.

சம்பந்தம் இதான்: நரம்புல சோடியம் போற கதவு ஒண்ணு இருக்கு, தொறந்து உடனே மூடணும். இந்த விஷம் அத மூட விடாது. நரம்பு விடாம அடிச்சிட்டே இருக்கும், அட்ரினலின் வகையறா எல்லாம் மொத்தமா கொட்டும், ரத்தக்குழாய் எல்லாம் சுருங்கிடும் (கை கால் ஐஸ் ஆனது அதான்), பிரஷர் எகிறும். சுருங்குன குழாய்க்குள்ள தள்ளித் தள்ளி இதயம் ஓஞ்சு போச்சுன்னா தண்ணி நுரையீரல்ல தேங்கும், பிள்ள இருமுனா ரோஸ் கலர்ல நுரை வரும், அத ஒரு தடவ பாத்தா மறக்க முடியாது. பிரசோசின் அந்த குழாய விரிச்சு விட்டுடும், இதயத்துக்கு பாரம் எறங்கிடும். எழுந்து நின்னா பிரஷர் ஒரேயடியா எறங்கி மயக்கம் போட்டுடும், அதான் படுக்கவே வச்சாங்க. எடை பாத்து அளவு போடுற மாத்திரை, தயவு செஞ்சு யாரும் வாங்கி வீட்டுல வச்சுக்கிட்டு குடுக்காதீங்க.

புனே_தமிழன்:
அக்கா சூப்பரா சொல்லிட்டாங்க. இந்த மாத்திரைக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்காரு, ஹிம்மத்ராவ் பாவஸ்கர். மகாராஷ்டிராவுல கொங்கண் கடலோரப் பக்கம் மஹாட்னு ஒரு ஊரு, அதுக்குப் பக்கத்துல பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 1976ல டாக்டரா வந்தாரு. அங்க செந்தேள் கொட்டி சனங்க செத்துட்டு இருந்தாங்க, அப்ப குடுத்த மருந்து எதுவும் பெருசா கேக்கல. இவரு தேள் கொட்டுனவங்க பக்கத்துலயே ராப்பகலா உக்காந்து பிரஷர், நாடி எல்லாம் குறிச்சு வச்சு, சாவுறது இதயம் ஓஞ்சுதான்னு புரிஞ்சுக்கிட்டு பிரசோசின எடுத்தாரு. 1986ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல எழுதுனாரு. நூத்துக்கு நாப்பது பேர் செத்துட்டு இருந்தது ஒண்ணுக்கு எறங்குச்சும்பாங்க. கிராமத்துல உக்காந்துட்டு! 2022ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, ரொம்ப லேட்டுன்னு நான் சொல்லுவேன்.

அப்புறம் உங்க மாமா முழுசா தப்பும் இல்ல. தேளுக்குன்னு தனி விஷமுறிவு இருக்கு, மும்பை ஹாஃப்கின் மருந்து நிறுவனத்துல குதிரைய வச்சு தயாரிக்கிறாங்க. 70 பேர வச்சு பாத்து 2011ல வந்த ஆய்வுல மாத்திரையோட அதையும் சேத்து குடுத்தவங்க சீக்கிரம் தேறுனாங்க. ஆனா எல்லா ஊர்லயும் ஸ்டாக் இருக்காது. பாம்புக்கடி ஊசிய போட்டா தேளுக்கு ஒரு புண்ணியமும் இல்ல, அது நாலு வகை பாம்புக்கு மட்டும்.

பயோடெக்_பையன்:
ஒரு குட்டி மேட்டர். அந்த செந்தேளோட அறிவியல் பேர்லயே தமிழ் இருக்கு, டாமுலஸ், 1798ல ஃபப்ரீசியஸ்னு டென்மார்க்காரர் வச்சது. அதோட விஷத்துல ஐபீரியோடாக்ஸின்னு 37 அமினோ அமிலம் உள்ள ஒரு புரதம், குறிப்பிட்ட ஒரு பொட்டாசியம் கதவ மட்டும் பூட்டும், அதனால லேப்ல அந்தக் கதவு எங்க எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க காசு குடுத்து வாங்குறோம். எங்க ஊர்ல செருப்பால அடிச்சுத் தள்ளுற ஜந்து!

திண்டிவனத்தான் ப்ரோ, ஒரு யூவி (புற ஊதா) டார்ச் வாங்குங்க, இருட்டுல தேள் மேல பட்டா பச்சையா ஒளிரும். செங்கல் அடுக்க ஒருக்கா சுத்தி வாங்க.

கொங்கு_மச்சான்:
சரி சரி, அக்கா கிட்ட சரண்டர். ஆனா புளியங்கொட்டை எனக்கு கேட்டுச்சே?

வார்டு_அக்கா:
ஒட்டாட்டியும் காலைல நீ மாட்டுக்கு தண்ணி காட்டிருப்ப தம்பி. கருந்தேள் வலி அதுவாவே எறங்கும். சோலி என்னன்னா, செந்தேளுக்கும் அதையே ஒட்டிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருப்பாங்க, அந்த ஒரு மணி நேரம்தான் போச்சு.

திண்டிவனத்தான்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா நீங்க சொன்னதும்தான் ஒண்ணு உறைக்குது. விடியக்காலைல பொண்ணு கை கால் சூடாகி, "மாமா விரல் ரொம்ப வலிக்குது"ன்னு ஓன்னு அழுதா, நாங்க பதறிப்போய் நர்ஸக் கூப்பிட்டா அந்தம்மா சிரிச்சுட்டு "வலி வந்துடுச்சா, அப்ப தேறிட்டா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு அவங்க மேல செம கோவம் எனக்கு.

யூவி டார்ச் நேத்து ராத்திரி பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட வாங்கி அடிச்சுப் பாத்தேன். செங்கல் அடுக்குல மூணு. ஒண்ணு முதுகு பூரா குட்டி.

வார்டு_அக்கா:
கைய வைக்காத. இடுக்கிய எடு, காலுக்கு பூட்ஸ் போடு, ஆயாவ உள்ள போகச் சொல்லு.